பெட்டிக்குள் போக வேண்டிய பாதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், புதிதாக மருந்துச் சீட்டு ஒன்றும் இல்லை, அங்கே உன் உடம்பும் உன் கண்ணும் நல்லபடியாக இருக்கிறது என்று நீ எழுதப்போகும் ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

முதலில் நம் பிள்ளைகள் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் எனக்கு அடுத்த வரி ஓடாது. உன் மகள் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த ரெண்டு மார்க்கும் கணக்குத் தப்பினதால் போகவில்லை, அவள் போடும் ஏழு பார்ப்பதற்கு ஒன்று மாதிரி இருக்கிறதாம், அதனால் போச்சு. இவள் சும்மா விடுவாளா, பேப்பரை எடுத்துக்கொண்டு போய் வாத்தியாரிடம் நின்று ஒரு மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வந்தாள். ஆக தொண்ணூற்றொன்பது என்று எழுதிக்கொள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்கள், அஞ்சாங்கிளாசோடு நின்றவளுக்கு அந்த நாற்காலி போதும். தம்பியின் மூத்தவன் நானூறு மீட்டர் ஓட்டத்தில் ரெண்டாவது வந்தான், முதலில் வந்த பையனுக்கு மீசை இருக்கிறது, அவனை எப்படி இந்தப் பிள்ளைகளோடு ஓடவிட்டார்கள் என்று நான் சத்தமாகவே கேட்டேன். கோப்பை பீரோ மேல் இருக்கிறது. சின்னவள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், போகிற வழியில் ஒரு போர்டு விடுவதில்லை. நம் நாடக அரங்கின் பின்வாசலில் "வேலை இல்லாதவர் உள்ளே வராதீர்" என்று எழுதியிருக்கிறதே, அதை மேனேஜர் உள்ளே நுழையும் நேரம் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி படித்துவிட்டாள். உன் தம்பியைப் பற்றிப் பத்திரிகையில் ரெண்டு வரி வந்தது, நாடகத்தில் அப்பா வேஷத்தில் அவன் சாகிற காட்சியைப் பார்த்தவர்களுக்கு எழுந்து போய் மூச்சு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும் என்று போட்டிருந்தார்கள். வெட்டி பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

பெருமை எழுதியாயிற்று. இனிமேல் எழுதப்போவதைப் போனில் சொல்ல முடியாது, போன் மணி அடித்தாலே உன் தம்பி என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், நீயும் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் அவன் பேக்கரி வண்டி ஓட்டப் போயிருக்கிற இந்தக் காலை நேரத்தில் டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதுவதற்கு நேரம் நிறைய இருக்கிறது, ஏனென்றால் டிக்கெட் வாங்க யாரும் வருவதில்லை. நம் அரங்கை இந்த மாதம் முப்பதாம் தேதியோடு மூடுகிறார்கள். பர்னிச்சர் கம்பெனிக்காரர்கள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போய்விட்டார்கள், கட்டிலும் சோபாவும் அடுக்கிவைக்கிற இடமாம். மேடை கொஞ்சம் உயரமாக இருப்பதால் மெத்தைகளை அங்கே போட்டால் ஈரம் ஏறாது என்று அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு உன் தம்பி நின்றான். அது என்னால் வந்தது. எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷம் நீ ஒரு டிக்கெட் அனுப்பினாய் ஞாபகம் இருக்கிறதா. நான் உடை தைக்கிற அரங்கின் டிக்கெட் அம்மா, உங்கள் தொழில்தானே, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான் எழுதியிருந்தாய். நீ உட்கார்ந்து நாடகம் பார்த்ததாக எழுதவே இல்லை, அதை நான்தான் சேர்த்துக்கொண்டேன். என் மகள் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த டிக்கெட் என்று சொல்லி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதில் விலை அச்சடித்திருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு இங்கே எவ்வளவு என்று ஒருத்தர் கணக்குப் போட, கேட்டவர்கள் வாயில் கைவைத்தார்கள், எனக்கு உயரம் ஒரு அடி கூடின மாதிரி இருந்தது. மேனேஜரும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். நாம் உயிருள்ள மனுஷனை டீயும் பன்னும் விற்கிற விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம் அம்மா, அங்கே பாருங்கள், நாடகம் ஒன்றுதானே, அழுகை ஒன்றுதானே என்றார். அடுத்த மாதமே விலை இரண்டு மடங்கு, அதற்கடுத்து மூன்று மடங்கு.

யார் வந்துகொண்டிருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். பஸ் கிளீனர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், தையல் கம்பெனிப் பெண்கள், மாதம் ஒரு தடவை அதே முகங்கள். முதல் வாரம் வந்து விலையைப் பார்த்துவிட்டு ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். பஸ் கிளீனர் ஒருத்தர், விலை மூணு மடங்கு ஆயிருக்கே, உங்க மகன் இப்போ மூணு தடவை சாவாரா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு அவர் டிக்கெட் வாங்காமல் போய்விட்டார், பிறகு வரவே இல்லை. இருநூற்று எண்பது நாற்காலியில் போன சனிக்கிழமை நாற்பத்தொரு பேர். கூட்டம் குறைந்ததும் மேனேஜர் முதலில் தபேலாக்காரரை நிறுத்தினார், அப்புறம் நாம் இருட்டு என்று கூப்பிடுகிற லைட்டுக்காரரை நிறுத்தினார். இருபத்தாறு வருஷம் வெளிச்சம் போட்ட மனுஷனுக்கு இருட்டு என்று பட்டப்பேர் வைத்தது உன் அப்பாதான், இப்போது அந்த மனுஷன் நிஜமாகவே வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் தம்பி தன் காட்சி முடிந்ததும் ஓடிப்போய் லைட்டைத் தானே மாற்றுகிறான். செத்துக் கிடக்கிறவன் எழுந்து போய் தன் மேல் விழுகிற வெளிச்சத்தைத் தானே அணைக்கிறதைப் பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

எனக்கு மனசு ஆறாமல் இருட்டின் வீட்டுக்குப் போனேன். இதே நாடகம், இதே ரெண்டரை மணி நேரம், அங்கே ஏன் அவ்வளவு, இங்கே ஏன் இவ்வளவு என்று கேட்டேன். அவர் ஒரு காலத்தில் குழுவோடு நாலு நாடு போய்வந்தவர் இல்லையா. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். சட்டை தைக்கிற கம்பெனியில் புது மிஷின் வாங்கிப் போட்டால் பத்து பேர் தைத்ததை ஒருத்தி தைத்துவிடுவாள், அதனால் அவளுக்குக் கூலி ஏறும், சட்டை விலை ஏறாது. ஆனால் மேடையில் சாவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த ஆளுக்கும் ஏழு நிமிஷம், உன் தம்பிக்கும் ஏழு நிமிஷம், அங்கே இருக்கிற பெரிய நடிகனுக்கும் ஏழு நிமிஷம்தான். அவசரமாகச் சாகச் சொல்ல முடியாது. அங்கே பஸ் ஓட்டுகிறவனுக்கே பெரிய சம்பளம், நடிகனுக்கும் தச்சனுக்கும் கதவு திறக்கிறவளுக்கும் அதற்குக் குறைவாகக் கொடுத்தால் எல்லோரும் பஸ் ஓட்டப் போய்விடுவார்கள், அதனால் அத்தனை பேர் சம்பளமும் அந்த டிக்கெட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மேடைக்குக் கீழே இருக்கிற மண்ணுக்கு வாடகை, பிளேனில் வந்து இறங்கி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடுகிற பழக்கம், இதெல்லாம் சேர்ந்து மேலே மேலே போகிறதாம். அவர் போன இன்னொரு நாட்டில் பாதி விலையை அரசாங்கமே கொடுத்துவிடுமாம், அங்கே பஸ் டிரைவர் ரெண்டு மணி நேரம் வேலை செய்த காசில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம், அதுவும் பணக்கார நாடுதான். அப்போ நம்முடையது இத்தனை நாள் ஏன் மலிவாக இருந்தது, நமக்கு அரசாங்கமும் கொடுக்கவில்லையே என்று கேட்டேன். அதற்கு இருட்டு, மலிவுன்னு யார் சொன்னது அக்கா, மீதியை நாம கொடுத்துக்கிட்டு இருந்தோம் என்றார். உங்க மகன் விடியக்காலையில் எழுந்து பேக்கரி வண்டி ஓட்டிவிட்டு சாயங்காலம் வந்து சாகிறானே, மருமகள் கூலி வாங்காமல் உடை துவைத்துத் தைத்துக் கொடுக்கிறாளே, நான் சொந்தக் காசில் பல்பு வாங்கிப் போட்டேனே, அதுதான் அந்த டிக்கெட்டின் மீதி விலை, அதை யாரும் அச்சடிக்கவில்லை என்றார். டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் மகளைக் கூப்பிட்டு, காசை விடு, மணிக்கணக்கில் போட்டுச் சொல் என்றேன். நம் பழைய டிக்கெட்டுக்கு பஸ் கிளீனர் ஒன்றரை மணி நேரம் வேலை செய்ய வேண்டும். புது விலைக்கு நாலரை மணி நேரம். அதுவே அவரைத் துரத்திவிட்டது. அப்புறம் நான் கேட்காமலே அவள் உன்னுடையதையும் போட்டாள். தம்பி சந்தோஷப்படட்டும் என்று நீ மணிக்கு என்ன வாங்குகிறாய் என ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதை எடுத்துக்கொண்டாள். நீ அனுப்பின டிக்கெட்டுக்கு நீ பத்தொன்பது மணி நேரம் ஊசி பிடிக்க வேண்டும். நீ பழைய கடிதங்களில் எழுதியிருந்த அறை வாடகை, பஸ், ரொட்டி, எங்களுக்கு அனுப்புவது எல்லாம் கழித்தால் மாதத்துக்கு உனக்கென்று மிஞ்சுவது பதினோரு மணி நேரக் கூலி. பென்சிலை வைத்துவிட்டு, அம்மாவுக்கு இந்த டிக்கெட்டை யார் பாட்டி கொடுத்தது என்று கேட்டாள். அந்தத் தாளை நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டாள், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அந்த விஷயத்தில் அவள் உன்னை மாதிரிதான்.

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதைத்தான் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டு இருந்தேன். முழங்கால் போய் ஜன்னலுக்கு வருவதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவள் நான். பெரிய பாதி பார்க்க வந்தவர் கைக்கு, சின்னப் பாதி பெட்டிக்கு. ஆட்டம் முடிந்ததும் பெட்டியில் இருப்பதை எல்லாம் எண்ணிக் கம்பியில் குத்தி ஆபீஸ் ஆணியில் மாட்டுவோம். நீ அனுப்பினது சின்னப் பாதி. நடுவில் ஒரு துளை இருந்தது, கம்பி ஏறின துளை. கவரைப் பிரித்து விரல் வைத்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பார்த்தவள் கையில் இருந்தது இல்லை, ஆட்டம் முடிந்து ஆபீசைக் கூட்டும்போது எடுத்தது என்று. தெரிந்துகொண்டே அந்தத் துளை மேல் சரியாக வருகிற மாதிரி ஒட்டும் டேப்பை ஒட்டிக் கண்ணாடியில் வைத்தேன். எனக்குப் பெருமை வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி மகள் கப்பலில் போகிறாள், மேனேஜர் மகன் டாக்டருக்குப் படிக்கிறான், என் மகள் வெல்வெட்டில் உட்காரட்டுமே என்று வைத்தேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, நீ பொய் ஒன்றும் எழுதவில்லை, பொய்யை ஒட்டினது நான்.

இப்போது கேள், ஏன் அவசரமாக எழுதுகிறேன் என்று. உன் தம்பி அங்கே வரப்போகிறான். ஒரு சீட்டுக்கே அவ்வளவு என்றால் மேடையில் நிற்கிறவனுக்கு எவ்வளவு என்று பிடித்துக்கொண்டான். சுற்றிப்பார்க்க வருகிறேன் என்று மூன்று மாத விசா வாங்கிவிட்டான், இருபத்தாறாம் தேதி விமானம். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்றால் அக்கா இருக்கிறாள் என்கிறான். உன்னிடம் விசாவைப் பற்றி ஏதோ மேலோட்டமாகச் சொன்னான் என்றும் நீ சரி வா என்று சொன்னாய் என்றும் சொல்கிறான், அவன் திரும்பாத நினைப்போடு வருகிறான் என்பது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பேக்கரியில் இந்த வாரத்தோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டான். பாஷை தெரியாதேடா என்றேன், சாவதற்குப் பாஷை எதுக்கம்மா என்றான். சாவதற்கு முன்னால் பதினாலு நிமிஷம் பேசுகிறாயே, அதற்கு வேண்டாமா என்றேன். பிறகு ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வணக்கம், நன்றி, எனக்கு வேலை வேண்டும் என்று அந்தப் பாஷையில் சொல்லிப் பார்க்கிறான், அதையும் சாகிற குரலில்தான் சொல்கிறான், அவனுக்கு வேறு குரல் மறந்துபோய்விட்டது. மருமகள் அவன் சட்டைகளைத் தேய்த்துப் பெட்டியில் வைக்கிறாள், வெளியே எடுக்கிறாள், மறுபடி தேய்க்கிறாள். சின்னவள் மட்டும் பெட்டி மேல் ஒட்டியிருக்கிற சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு இருக்கிறாள்.

நான் அவனிடம் துளையைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சின்னப் பாதி பற்றியும் சொன்னேன். அவன் சிரித்தான். அங்கே மிஷினே துளை போடும் அம்மா, அங்கே எந்தப் பாதியை யாருக்குக் கொடுப்பார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், நான் போகக்கூடாது என்பதற்காக அக்காவையே குறைத்துப் பேசுகிறீர்களா என்றான். அது எனக்கு உறைத்தது. ஒருவேளை அவன் சொல்வதும் நிஜமாக இருக்கலாம், உங்கள் அரங்கில் சின்னப் பாதியைத்தான் வந்தவர் கையில் கொடுப்பார்களோ என்னவோ. நான் சொன்னால் அவன் நம்பமாட்டான், அப்பாவைப் போல மேடையில் இருப்பதைத் தவிர எதையும் நம்பமாட்டான். ஆனால் நீ உன் கையால் எழுதினால் நம்புவான். சின்ன வயசில் நீ சொன்னால்தான் மருந்து குடிப்பான்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஆட்டம் நடக்கிற நேரத்தில் நீ எங்கே இருக்கிறாய் என்று அவனுக்கு எழுது. நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்க்கிறாய் என்றால் அப்படியே எழுது, நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவன் பெட்டியை நானே கட்டிக்கொடுக்கிறேன், விமான நிலையம் வரை தூக்கிக்கொண்டும் வருவேன். அப்படி இல்லாமல் கீழே தையல் அறையில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டு, மேலே கைதட்டுகிறது சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறாய் என்றால் அதை எழுது. எத்தனை படி கீழே, ஜன்னல் இருக்கிறதா, கூட எத்தனை பேர், அறை வாடகை போக உனக்கு என்ன மிஞ்சுகிறது, ஒன்று விடாமல் எழுது. அதில் உனக்கு ஒரு குறையும் இல்லை. ஏழு வருஷம் நீ அந்த அறையில் இருந்துதான் உன் மகள் தொண்ணூற்றொன்பது வாங்கினாள், தம்பி பிள்ளைகளுக்கு ஷூ வந்தது. எனக்குத்தான் அதை ஊருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது, உனக்கு வேண்டாம். நீ எழுதுகிற கடிதத்தை நான் முதலில் பிரிக்கமாட்டேன், அவன் பேருக்கே போடு, அவனே பிரிக்கட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரவே எட்டு நாள், உன் பதில் இங்கே வர இன்னும் எட்டு நாள், இன்று ஏழாம் தேதி. படித்த அன்றைக்கே எழுதிவிடு.

கண்ணாடியில் இருந்த டிக்கெட்டை நேற்று எடுக்கப் பார்த்தேன். டேப்போடு சேர்ந்து பாதி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது, நகத்தால் சுரண்டினேன், விலை மட்டும் போகவில்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டே போனார். அவரும் பாவம், அவர் சம்பளமும் முப்பதாம் தேதியோடு சரி. விலையை இறக்கிப் பார்க்கலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். இறக்கினால் வருவார்கள் அம்மா, ஆனால் மீதியைக் கொடுக்க இனிமேல் யார் இருக்கிறார்கள், இருட்டை அனுப்பியாச்சு, உங்க மகன் பெட்டி கட்டியாச்சு என்றார். இங்கே மிச்சமிருக்கிற முகம் எல்லாம் இப்படித்தான் வாடிக் கிடக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டு தைக்காதே, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், தும்மல் வந்தால் என்ன ஆகும். நல்ல வெளிச்சம் கேட்டு வாங்கு, கேட்டால் கொடுக்கத்தான் செய்வார்கள். நிற்கும்போது ஒரு காலை மாற்றி ஒரு காலை சின்னப் பலகை மேல் வைத்துக்கொள், இடுப்புக்கு நல்லது, வாசலில் நின்ற காலத்தில் நான் அப்படித்தான் சமாளித்தேன். ஊருக்கு அனுப்புகிறோம் என்று ஒரு வேளை சாப்பாட்டைக் குறைக்காதே. உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ தனியாக எல்லாவற்றையும் தூக்குகிறாய், அது எனக்குத் தெரியும், எழுதினால்தான் தெரியும் என்று இல்லை. நீ நீண்ட ஆயுசோடு, நோய்நொடி இல்லாமல், உன் மகள் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்து, ஒரு நாள் எங்கேயாவது ஒரு அரங்கில் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்கிற யோகத்தோடு இருக்க வேண்டும் என்று தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்று மறந்துவிடாதே. ஒரு புது போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. உன் மகள் இப்போது கதவுத் தாழ்ப்பாள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள், அம்மா இப்போ எப்படி இருப்பாங்க என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிய கட்டிடத்துக்கு முன்னால் நின்று எடுக்க வேண்டாம், நல்ல சேலை, இரவல் கோட் ஒன்றும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், நீ படுக்கிற அறையில், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற துணியிலேயே, தலை எப்படி இருக்கிறதோ அப்படியே உட்கார்ந்து எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா